மிச்சம் வைத்த ஷாட்டுகள்: எடிட்டிங் வேலையில் உங்கள் கதைக்குரலைக் கண்டெடுக்க முழுமையான வழிகாட்டி

2009-இல் காரைக்குடியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் உதவியாளாகச் சேர்ந்தேன். நாலாவது மாதம் கானாடுகாத்தானில் எடுத்த ஓர் அறுபதாம் கல்யாணம் என் மேசைக்கு வந்தது. 60 நிமிட மினி டிவி டேப், மொத்தம் ஏழு. ஐந்தாவது டேப்பில், வீட்டின் முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதியான வளவில் தாலி பூட்டுகிற நேரம். கூட்டம் முண்டியடித்ததில் கேமரா ஒரு நொடி தடுமாறி, அதற்கு அடுத்த பகுதியான இரண்டாம் கட்டின் நிலைப்படிப் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே வெள்ளைச் சேலையில் ஓர் ஆச்சி, முன்னால் வராமல் கதவோரமாக நிற்கிறார். கெட்டிமேளம் உச்சத்துக்குப் போகும்போது அவர் வலது கை மெதுவாகத் தன் கழுத்துக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை. கை கீழே இறங்கி முந்தானையைச் சரிசெய்கிறது. மொத்தம் 14 விநாடி.

துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் அதை வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "தம்பி, நல்ல காரியத்துல இது எதுக்கு? எடுத்துரு" என்றார். அந்த வீட்டாருக்குக் கொடுக்கிற கேசட் அது, அவர் சொன்னது நியாயம்தான். எடுத்துவிட்டேன். ஆனால் அழிக்க மனசு வரவில்லை. 'மிச்சம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்தேன். என்னிடம் இன்றைக்கு ஏதாவது ஒரு சொல்முறை இருக்கிறது என்றால் அது அந்த ஃபோல்டரிலிருந்து வந்தது. நீங்களும் அப்படி ஒன்றைக் கண்டெடுக்க என்ன செய்யலாம் என்பதை, நான் போன வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: ஊர் வேலையில் கை பழகட்டும்

சென்னைக்குப் போனால்தான் எடிட்டர் ஆகலாம் என்ற எண்ணத்தை முதலில் இறக்கி வையுங்கள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கோயில் திருவிழா என்று நம் பக்கத்தில் வருஷம் முழுக்க வேலை உண்டு. கல்யாண எடிட்டிங்கைக் கீழாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. இரண்டு நாள் நடக்கிற ஒரு நிகழ்ச்சி, மூன்று கேமரா, மறுபடி நடிக்கச் சொல்ல முடியாத மனிதர்கள், தவறவிட்டால் திரும்ப வராத தருணம். எந்தப் பயிற்சிக் கூடத்திலும் இப்படிப்பட்ட கச்சாப்பொருள் வாரா வாரம் கைக்கு வராது. குறைந்தது இரண்டு மூன்று வருஷம் இதில் இருங்கள்.

அந்தக் காலத்தில் கை தானாகச் செய்ய வேண்டிய சில வேலைகள்:

மென்பொருள் எதுவாக இருந்தாலும் சரி. செலவில்லாமல் தொடங்க டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். கீபோர்டில் ஜே, கே, எல் மூன்றும் பின்னால் ஓட, நிற்க, முன்னால் ஓட. ஐ, ஓ இரண்டும் துண்டின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க. மவுஸைத் தொடாமல் ஒரு மணி நேர ஃபுட்டேஜை, அதாவது எடுத்து வந்த காட்சிகளை, ஓட்டிக் குறிக்க வரும்வரை வேறு எதையும் கற்க அவசரப்படாதீர்கள்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மண்டபத்து டியூப் லைட்டின் கீழே 30 பிரேமில் (நொடிக்கு 30 படம்), 1/60 ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் விடுவது) வைத்து எடுத்தால் வெளிச்சம் துடிக்கும். அந்தத் துடிப்பை எடிட்டில் சரிசெய்வது பெரும் பாடு. கேமராக்காரரிடம் முன்கூட்டியே 25 பிரேம், 1/50 என்று பேசிவையுங்கள். மெதுவாக ஓட்ட வேண்டிய இடங்களை மட்டும் 50 பிரேமில் எடுக்கச் சொல்லுங்கள். அதை 25 பிரேம் டைம்லைனில் ஒவ்வொரு பிரேமாக விரித்தால் சரியாகப் பாதி வேகம் கிடைக்கும், இழுவை தெரியாது.

கம்ப்யூட்டர் திணறினால் பிராக்ஸி போடுங்கள், அதாவது அதே கிளிப்பின் சின்ன நகல். எடிட் முழுக்க நகலில் நடக்கட்டும், கடைசி எக்ஸ்போர்ட் மட்டும் அசலில்.

பேக்கப் பற்றி ஒரே ஒரு அனுபவம். ஒருமுறை நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்த ஒரு கல்யாணம் முழுசாகப் போய்விட்டது. பெண்ணின் தகப்பனார் வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து எந்த வேலைக்கும் மூன்று நகல், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில். நீங்களும் முதல் நாளிலிருந்தே இப்படி வையுங்கள்.

எஃபெக்ட் பேக், டிரான்சிஷன் பேக் என்று விற்கிற, ஷாட்டுகளை அலங்கரிக்கவும் இணைக்கவும் உதவும் தயார் வித்தைகள் எதையும் முதல் வருஷம் வாங்க வேண்டாம். அவற்றை அடுக்கிக்கொண்டு போனால் எந்த இடத்தில் வெட்டுவது என்ற கேள்வியே உங்களுக்கு வராமல் போய்விடும். நமக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

இரண்டாம் படி: மிச்சம் ஃபோல்டர்

வந்த ஃபுட்டேஜை முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள். நேரம் இல்லை என்பார்கள். வேகமாக ஓட்டியாவது பாருங்கள், ஆனால் ஒரு கிளிப்பையும் விடாதீர்கள். கேமராக்காரர் ஆஃப் செய்ய மறந்த இடங்கள், பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரம், நாதஸ்வரக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் துடைக்கிற நேரம். வாடிக்கையாளர் கேட்காத, ஆனால் உங்கள் கை தானாக நின்றுவிடுகிற துண்டுகள் இப்படிப்பட்ட இடங்களில்தான் கிடக்கும். அவற்றைத் தனி ஃபோல்டரில் போடுங்கள்.

கூடவே ஒரு நோட்டு. அதில் தேதி, கார்டு எண், நேரம், என்ன தெரிகிறது என்று ஒரு வரி. இன்னொரு வரியில், ஏன் நின்றேன். 'அழகாக இருந்தது' என்று எழுதினால் பிற்பாடு உதவாது. 'அந்தப் பையன் சாப்பிடாமல் யாருக்கோ காத்திருக்கிறான்' என்று எழுதினால் உதவும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அது அடுத்தவர் வீட்டு நிகழ்ச்சி. மிச்சம் ஃபோல்டர் நீங்கள் பார்த்துப் பழக மட்டும்தான். அனுமதி இல்லாமல் அதிலிருந்து ஒரு பிரேமைக்கூட வெளியே போடக் கூடாது. அந்த ஆச்சியின் 14 விநாடியை, அன்று பார்த்த முதலாளியைத் தவிர, இதுவரை நான் யாருக்கும் காட்டியதில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மழை நாள், கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது, வேலை ஓடவில்லை. மிச்சம் ஃபோல்டரைத் திறந்து முழுக்கப் பார்த்தேன். 200-க்கு மேல் கிளிப் இருந்தன. பார்க்கப் பார்க்கத் திகைப்பாக இருந்தது. ஏறக்குறைய எல்லாமே ஓரத்தில் நிற்கிறவர்கள். நிலைப்படியில், தூணுக்குப் பின்னால், வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில், சமையல் கொட்டகையில். மேடையில் இருக்கிறவர்கள் முகம் அரிதாகத்தான் இருந்தது. முகம் இருந்த இடத்திலும் நான் குறித்திருந்தது கைகளை. இதை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என் அம்மாவும் அப்பத்தாவும் பெரிய வீடுகளுக்கு விசேஷ வேலைக்குப் போனவர்கள். சின்ன வயதில் நான் கல்யாணங்களைப் பார்த்ததே மூன்றாம் கட்டிலிருந்துதான். அதை நான் மறந்திருந்தேன், என் கை மறக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களும் இப்படி உட்காருங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதுங்கள். சிலருக்கு அது காத்திருக்கிற மனிதர்களாக இருக்கும். சிலருக்குக் குழந்தைகளின் சண்டை, சிலருக்கு ஆளில்லாத அறை. வருவதை மாற்ற முயல வேண்டாம்.

மூன்றாம் படி: ஒரே ஃபுட்டேஜ், மூன்று கதை

இது பயிற்சி. கைக்கு வந்த ஒரு நிகழ்ச்சியின் ஃபுட்டேஜை எடுத்து, தலா மூன்று நிமிடத்தில் மூன்று விதமாக வெட்டுங்கள். ஒன்று வாடிக்கையாளருக்குப் பிடிக்கிற மாதிரி. இரண்டாவது, பெண்ணின் தகப்பனார் பார்க்கிற மாதிரி. மூன்றாவது, சமையல் மேஸ்திரி பார்க்கிற மாதிரி. புதிதாக ஒரு ஷாட்கூட எடுக்கக் கூடாது, பின்னணிப் பாட்டு கூடாது.

ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்பவர் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் செய்து பார்த்த சோதனை ஒன்று எல்லா எடிட்டிங் வகுப்பிலும் சொல்லப்படுவது. ஒரு நடிகரின் சலனமில்லாத அதே முகத்தை ஒரு சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் என்று மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். படித்தால் புரிகிற விஷயம்தான், ஆனால் உங்கள் கையால் செய்தால்தான் உடம்பில் ஏறும். அதே தகப்பனார் முகத்தைத் தாலி கட்டுகிற ஷாட்டுக்குப் பின்னால் வைத்தால் நெகிழ்ச்சி. பந்தியில் இலை விரிக்கிற ஷாட்டுக்குப் பின்னால் வைத்தால் சாப்பாடு பத்துமா என்ற கவலை. அவர் முகத்தில் ஒரு மயிரிழை மாற்றம் கிடையாது.

எடிட் மேசையிலிருந்து கதை சொல்லிகள் வருவது தமிழ்ச் சினிமாவுக்கும் பழக்கமானது. கிருஷ்ணன்-பஞ்சு என்ற இயக்குநர் இரட்டையரில் பஞ்சு எடிட்டர். அவர்களிடம் உதவி எடிட்டராக இருந்தவர் பிற்பாடு இயக்குநராகப் பெயர் பெற்ற ஏ.பீம்சிங். அவர் மகன் பீ.லெனின் எடிட்டராகவும் இருந்தார், தானே படமும் இயக்கினார். நம் ஊருக்கே இதில் பங்கு உண்டு. காரைக்குடியில் பிறந்த, ஏ.வி.எம். நிறுவனத்தின் ஏ.வி.மெய்யப்பன் 1940-களில் இங்கேயே ஸ்டுடியோ போட்டுப் படம் எடுத்துவிட்டுத்தான் கோடம்பாக்கம் போனார். அன்றைக்கு எடிட்டிங் பிலிமில் நடந்தது. கத்தரித்த பிலிமைத் திரும்ப ஒட்டலாம், ஆனால் ஒவ்வொரு ஒட்டுக்கும் யோசிக்க வேண்டும். அந்த யோசனை வருவதற்காக நான் இன்றும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஒரு சீனுக்கு மூன்று வெர்ஷனுக்கு மேல் கிடையாது.

நான்காம் படி: வீட்டில் கதை சொல்கிறவரைப் பதிவு செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் எனக்கு அதிகம் கொடுத்தது இது. யாராவது கிறங்க வைத்துக் கதை சொல்லி நீங்கள் வளர்ந்திருப்பீர்கள். அப்பத்தாவோ, ஆயாவோ, டீக்கடை அண்ணனோ. அவரைப் பதிவு செய்யுங்கள், வெறும் குரல் போதும். பிறகு அவர் சொன்னதை, நிறுத்திய இடம், இழுத்த இடம் உட்பட, வார்த்தை மாறாமல் எழுதுங்கள்.

2014-இல் என் அப்பத்தாவை அப்படிப் பதிவு செய்தேன். புதுவயல் அரிசி ஆலைக் களத்தில் நெல் கிண்டிக் கிண்டிக் கால் தேய்ந்த மனுஷி. அவருடைய அப்பா ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் சமையலுக்கு இருந்தவர். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது லட்சக்கணக்கானோர் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார்கள், அவரும் அதில் ஒருவர். அந்தக் கதையை நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது.

அப்பத்தா குண்டு போட்டதிலிருந்து தொடங்குவதில்லை. "எனக்கு அப்ப ஆறு வயசு இருக்கும். எங்க ஆத்தா தெனமும் ஒலையில மூணு பிடி அரிசி போடும். எண்ணிப் போடும்" என்று தொடங்குவார். பிறகு கடிதம் வராத மாதங்கள். பக்கத்து ஊருக்குத் திரும்பி வந்த ஒருவர் "வழியில பாத்தேன், காய்ச்சலாக் கெடந்தாரு" என்று சொன்னது. அதன்பின் ஆறேழு நிமிடம் ஊர்க்கதை, மழை, கடன். நமக்குப் பொறுக்காது. கடைசியில் சொல்வார்: "அன்னைக்கு ராத்திரி ஒலை வச்சா. மூணு பிடி போட்டா. நாலாவதா ஒரு பிடி போட்டா."

அவ்வளவுதான். அப்பா வந்தார் என்று அவர் சொல்வதே இல்லை. வாசலில் அழுகை, கட்டிப்பிடிப்பு எதுவும் கிடையாது.

இதை எழுதி முடித்த இரவு நான் வெட்டி வைத்திருந்த வேலைகளை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் நான் அப்பா வாசலில் நுழைகிற ஷாட்டைத்தான் வைத்திருந்தேன், அதுவும் மெதுவாக ஓட்டி, பாட்டுப் போட்டு. அடுத்த வாரமே ஒரு வேலையில் பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிற அழுகையை எடுத்துவிட்டு, அவள் போன பிறகு அவள் தம்பி அறையில் சார்ஜர் வயரைச் சுற்றி வைக்கிற ஷாட்டோடு முடித்தேன். வாடிக்கையாளரிடம் இரண்டு முடிவையும் காட்டினேன். அவர்கள் சார்ஜர் வயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பதிவை எழுதியபின் நீங்கள் தேட வேண்டியவை: எந்தப் பொருளை முதலில் காட்டுகிறார், எதைத் தள்ளிப்போடுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், எங்கே மூச்சு விடுகிறார். அந்த மூச்சின் நீளத்தை நொடிக்கணக்கில் அளந்து எழுதுங்கள். என் அப்பத்தா 'மூணு பிடி போட்டா'வுக்கும் 'நாலாவதா'வுக்கும் நடுவில் நாலு நொடி விட்டிருந்தார். கட் வைக்கும்போது அந்த நாலு நொடி இன்றும் என் கையில் இருக்கிறது.

ஐந்தாம் படி: சத்தத்தை முதலில் வெட்டுங்கள்

சொந்தமாக ஏதாவது எடிட் செய்யத் தொடங்கும்போது படத்தை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வெட்டி அடுக்குங்கள். கண்ணை மூடிக் கேட்டால் கதை புரிய வேண்டும். புரிந்த பிறகு படத்தை மேலே ஏற்றுங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் சத்தம் தனி ரகம். வளவில் பேசினால் முற்றத்து வெளி வழியாகப் பாதிக் குரல் மேலே போய்விடும். கூடமான பட்டாலையில் பேசினால் தரையும் சுவரும் எதிரொலிக்கும். இரண்டையும் அப்படியே ஒட்டினால் ஒரே ஆள் இரண்டு ஊரில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒட்டுகளுக்கு அடியில் அதை ஓட விட்டால் தையல் தெரியாது.

அடுத்த இடத்தின் சத்தத்தைப் படத்துக்கு முன்னாலேயே உள்ளே விடுவது ஜே கட். பழைய இடத்தின் சத்தத்தைப் புதிய படத்தின் மேல் நீட்டுவது எல் கட். இந்த இரண்டும் கைவந்தால் டிரான்சிஷன் எஃபெக்ட்டுக்குத் தேவையே இருக்காது. மென்பொருளின் ஒலி மீட்டரில் பேச்சின் உச்சம் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். பாட்டு வேண்டுமென்றால் உரிமை வாங்கியதை மட்டும் போடுங்கள். என்னைக் கேட்டால், முதல் சொந்தப் படத்துக்குப் பாட்டே வேண்டாம்.

ஆறாம் படி: ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சொந்தப் படம்

பொருள் பக்கத்திலேயே இருக்கட்டும். நடந்தோ பைக்கிலோ திரும்பத் திரும்பப் போய்வருகிற தூரம். கண்டாங்கிச் சேலைத் தறி, கொட்டான் என்ற ஓலைக்கூடை முடைகிறவர்கள், குன்றக்குடி மலையடிவாரக் கடை என்று எதுவாகவும் இருக்கலாம். நான் 2016-இல் தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்கிற ஒரு பட்டறைக்குப் போனேன்.

அந்த வேலையைக் கிட்ட இருந்து பார்த்தால் எடிட்டருக்கு நெஞ்சு படபடக்கும். கீழே ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் குழம்பு மாதிரிக் கரைத்த வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சை நேராக மேலே தூக்குகிறார். கை நடுங்கினால் வண்ணம் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். பிறகு மேலே சிமெண்டும் மணலும் போட்டு மூடி அழுத்துகிறார். இப்போது பூ முழுக்க மறைந்துவிட்டது. நாம் கால் வைக்கப்போகிற முகம் கீழே, கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி பிரிந்தால்தான் பூ எப்படி வந்திருக்கிறது என்று தெரியும். கல்லின் பளபளப்பே அந்தக் கண்ணாடி கொடுப்பதுதான், பாலிஷ் கிடையாது.

"அடியில என்ன வந்திருக்குன்னு இப்ப எப்படிண்ணே தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாது தம்பி. பிரிக்கையில பாப்போம்" என்று அடுத்த கண்ணாடியை எடுத்தார்.

என் முதல் கட் 11 நிமிடம். கல்யாண டீசர் பழக்கத்தில், கண்ணாடி பிரிந்து பூ தெரிகிற அழகான ஷாட்டைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டேன். ஆத்தங்குடியின் பெருமையைச் சொல்லும் ஒரு குரலும் மேலே ஓடியது. நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் அது நான் செய்ததாகவே தோன்றவில்லை.

இரண்டாவது வெர்ஷனில் பேசுகிற குரலை நீக்கினேன். மூன்றாவதில் பூவைக் கடைசிக்குக் கொண்டுபோனேன். பிரிப்பதற்கு முன்னால் அவர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிற 9 நொடி இருந்தது. முதல் இரண்டு வெர்ஷனிலும் அதை வெட்டி எறிந்திருந்தேன், இப்போது முழுசாக வைத்தேன். படம் 4 நிமிடம் 20 நொடிக்கு வந்தது. வெட்டி முடித்து ஓட்டியபோது, நாலாவது பிடி அரிசிக்கு முன்னால் அப்பத்தா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

ஏழாம் படி: எடிட்டர் அல்லாதவர்களிடம் காட்டுங்கள்

எடிட்டர்களிடம் காட்டினால் கலரைப் பற்றியும் கட் வைத்த விதத்தைப் பற்றியும் பேசுவார்கள். அது வேறு நாளைக்கு. முதலில் திண்ணையில் நாலு பேரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள். யார் எந்த நொடியில் போனை எடுக்கிறார், எந்த நொடியில் உடம்பு முன்னால் சாய்கிறது என்று நோட்டில் குறியுங்கள். முடிந்ததும் நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள். "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்கிற கதையும் நீங்கள் சொன்ன கதையும் எங்கே பிரிகிறதோ, அங்கேதான் அடுத்த வேலை.

அப்பத்தாவுக்கும் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு லேப்டாப்புக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார். பூ தெரிந்ததும் படம் முடிந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி, அந்தக் கண்ணாடிய அப்பறம் என்ன செய்வாக?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. நான் எடுக்கவே இல்லை. மறுநாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு மறுபடி ஆத்தங்குடிக்குப் போனேன். அவர் பிரிந்த கண்ணாடியை ஒரு பழைய துணியால் துடைத்தார், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் திட்டு இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், தரையில் வைத்து அதன்மேல் சட்டத்தை வைத்தார். படம் இப்போது அங்கே முடிகிறது.